ஹெண்டர்சனின் தாள்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

லாஸ் ஏஞ்சலஸில் நான் வேலைக்குப் போகிற வழியில் வெர்மாண்ட் அவென்யூ என்று ஒரு நீளமான சாலை வரும். அதில்தான் ஒரு காலத்தில் பாலோமர் என்ற பிரம்மாண்டமான நடன மண்டபம் இருந்தது. 1939இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1935 ஆகஸ்ட் 21 இரவு, பென்னி குட்மேன் குழு அங்கே வாசித்ததைத்தான் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையின் பிறந்தநாள் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குழந்தை எப்போதோ பிறந்துவிட்டது, நியூயார்க்கின் கறுப்பின இசைக்குழுக்களில். அன்றைக்குப் பாலோமரில் நடந்தது வேறு. வானொலியில் கேட்ட இசையைத் தேடிக்கொண்டு இளைஞர்கள் நேரில் வந்தார்கள்.

1934 டிசம்பரில் என்.பி.சி. வானொலி சனிக்கிழமை இரவுகளில் 'லெட்ஸ் டான்ஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. செலவு ஒரு பிஸ்கட் கம்பெனியுடையது. மூன்று குழுக்கள் முறை வைத்து வாசித்தன: மெல்லிசைக்குக் கெல் மரே, லத்தீன் தாளங்களுக்குச் சேவியர் கூகட், துள்ளலுக்குக் குட்மேன். சிகாகோவில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த குட்மேனுக்கு அப்போது வயது 25. கையில் கிளாரினெட், நம் ஏ.கே.சி. நடராஜன் வாசித்தாரே, அந்தக் கருவிதான்.

ஒரு குழு என்றால் வாரா வாரம் புதிது புதிதாக வாசிக்க வேண்டுமே, சரக்குக்கு எங்கே போவது? அதற்கு வாய்த்தவர் பிளெட்சர் ஹெண்டர்சன். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினத்தவர். வேதியியல் படித்துவிட்டு 1920இல் நியூயார்க் வந்து, இசைக்குள் புகுந்து, லூயி ஆம்ஸ்ட்ராங்கும் கோல்மன் ஹாக்கின்ஸும் வாசித்த குழுவை நடத்தியவர். ஆனாலும் 1934இல் அந்தக் குழு நொடித்துப்போனது. குழுவுக்காக அவர் எழுதிய இசைத் தாள்களைக் குட்மேன் விலை கொடுத்து வாங்கினார்.

அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சாக்ஸபோன்காரர்கள் ஒரு கூட்டம், டிரம்பெட்டும் டிராம்போனும் ஊதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஒரு பக்கம் கேள்வி போடும். மறுபக்கம் அது முடியுமுன்பே பதிலோடு பாயும். தஞ்சாவூரில் இருந்தபோது எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிராக விடிய விடிய லாவணி பாடக் கேட்டிருப்பீர்களே, அந்த வேகம்தான். நடுவில் ஒருவர் எழுந்து தனியாகக் கற்பனை பண்ணி வாசிக்க இடம் விட்டிருக்கும். எழுதி வைத்த கட்டும் எழுதாத சுதந்திரமும் ஒரே பாட்டில் சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

குட்மேனின் முறை வருவதற்குள் இரவு முற்றிவிடும். கிழக்கே வீடுகளில் விளக்கணைந்திருக்கும். ஆனால் நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் கலிபோர்னியாவில் மணி ஒன்பதுதான்! இங்கே பிள்ளைகள் விழித்திருந்து கேட்டார்கள். பிஸ்கட் கம்பெனியில் வேலைநிறுத்தம் வந்து, 1935 மே மாதம் நிகழ்ச்சி நின்றுவிட்டது. குழு ஊர் ஊராக மேற்கே புறப்பட்டது. டென்வரில் காசைத் திருப்பிக் கேட்கிற அளவுக்கு அவமானம். பாலோமரிலும் முதலில் பயந்துகொண்டு மென்மையான பாட்டுகளையே வாசித்தார்கள், கூட்டம் அசையவில்லை. வருவது வரட்டும் என்று ஹெண்டர்சனின் தாள்களை எடுத்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேடையை நோக்கி ஓடிவந்தார்கள்.

குட்மேன் பெயர் நாடெங்கும் பரவியது. ஹெண்டர்சனுக்கு அவர் நன்றி சொல்லாமல் இருந்ததில்லை. 1939இல் தன் குழுவிலேயே பியானோ வாசிக்கவும் வைத்துக்கொண்டார். என் கோபம் வானொலி மேல்தான். குரலுக்கு நிறம் கிடையாது. கேட்கிறவருக்கு வாசிப்பவர் முகம் தெரியாது. அப்படியிருந்தும் விளம்பரக் கம்பெனிகள் பணம் போடும் வாராந்திர நிகழ்ச்சி கறுப்பினக் குழுக்களுக்குக் கிடைப்பது அரிதிலும் அரிது. அவர்களுக்கு வாய்த்தது விடுதிகளிலிருந்து கம்பி வழியாகப் போகும் நேரடி ஒலிபரப்புதான். டியூக் எலிங்டன் அப்படித்தான் ஹார்லெமின் காட்டன் கிளப்பிலிருந்து நாடறிந்தார். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், எதிரே வெள்ளையர் மட்டும் அமரக்கூடிய கிளப் அது. கவுண்ட் பேஸி 1936இல் கன்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் வாசித்தது ஒரு சின்ன நிலையத்தின் வழியே காற்றில் போனது. சிகாகோவில் கார் வானொலியைத் திருகிக்கொண்டிருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்டின் காதில் அது விழ, பேஸியின் தலையெழுத்தே மாறியது. காதில் விழாமல் போன குழுக்கள் எத்தனையோ.

இங்கே சில இரவுகளில் வானொலியில் இந்தப் பழைய பாட்டுகளைப் போடுகிறார்கள். அறிவிப்பாளர் குட்மேன் பெயரைச் சொல்வார். தாள் எழுதியவர் பெயர் அநேகமாக வராது. அதற்காகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்', ஜெல்லி ரோல் மார்ட்டன் இயற்றியது. இணையத்தில் கிடைக்கும். முதலில் ஹெண்டர்சன் குழு 1932இல் பதிந்ததைப் போடுங்கள். அதன் பிறகு குட்மேனின் 1935 பதிவு. கேட்டுவிட்டு எழுதுங்கள், அண்ணாச்சி.

அன்புடன்,
உங்கள் தம்பி