தேருக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலைத் தாண்டி, பெண்ணையாற்றங்கரையில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் பழைய பிளக்ஸ் பேனர் ஒன்று விரிகிறது. எவர் வீட்டுக் காதணி விழாவுக்கோ அச்சடித்தது. சிரிக்கும் தாய்மாமன்களின் முகங்கள்மேல் பன்னிரண்டு பிள்ளைகள் சம்மணமிடுகிறார்கள். டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டி சீட்டைத் தூக்கி, பாலித்தீன் பையில் சுற்றிய புத்தகம் ஒன்றை எடுக்கிறார். சற்றுத் தள்ளிக் கல்லில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

புத்தகம், ஷான் டானின் ‘தி அரைவல்’. ஆஸ்திரேலிய ஓவியர். அவருடைய அப்பா 1960-ல் மலேசியாவிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர். 2006-ல் வந்த இந்தப் புத்தகத்தில் கதை சொல்ல ஒரு வார்த்தைகூடக் கிடையாது. காகிதத்தில் மடித்த பறவை, கடிகாரம், தொப்பி, பெட்டி என்று படமாகத் தொடங்குகிறது. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒருவன் கப்பலேறுகிறான்.

டீச்சர் பக்கத்தைத் திருப்புவதோடு சரி. பிள்ளைகள்தான் கதை சொல்கிறார்கள். கடைசியில் உட்கார்ந்திருக்கும் பையனை மற்றவர்கள் “இந்திக்காரா” என்று கூப்பிடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் பீகாரிலிருந்து வந்தவரின் மகன். முதல் சில பக்கங்களுக்கு அவன் வாய் திறக்கவில்லை. கப்பல் அந்த ஊரை அடைகிறது. கடைப் பலகை, அறிவிப்பு, முத்திரை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு எழுத்து.

“டீச்சர், இது இன்னா எழுத்து?”

“எனக்கும் தெரியல.”

“இங்கிலீஷா?”

“இல்ல. உலகத்துல யாராலயும் படிக்க முடியாது. வரைஞ்சவரே உண்டாக்கினது.”

பையன் முட்டி போட்டபடியே முன்னால் நகர்ந்து வருகிறான். “பஸ் போர்டு… நான் மாதிரி,” என்கிறான். தமிழ் படிக்கத் தெரிந்த பதினொரு பேரும் அவனும் அந்தப் பக்கத்தின் முன்னால் ஒரே வகுப்பாகிவிட்டார்கள். அந்நியனைப் பார்த்து இரக்கப்படு என்று ஷான் டான் எங்கும் கேட்கவில்லை. பார்ப்பவரையே அந்நியராக்கிவிடுகிறார்.

புத்தகத்தை மூடிவிட்டு டீச்சர் ஆற்றைக் காட்டுகிறார். நடுவில் பாறை, உச்சியில் சின்னஞ்சிறு கோயில்.

“அது யாரு குன்று?”

“கபிலரு!”

“அவரோட சிநேகிதர் பாரி என்ன குடுத்தாரு?”

“தேரு!”

“யாருக்கு?”

“முல்லைக்கு!”

“அப்புறம்?”

சத்தமில்லை.

நான் பார்த்த படக்கதைகளிலும் அப்புறம் ஒன்றுமில்லை. பொன்னிறத் தேர், பச்சைக் கொடி, கும்பிடும் மக்கள், முற்றும். ஆனால் அதற்குப் பிறகுதான் மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டார்கள். பாரி மாண்டான். அவனுடைய மகள்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு புலவர் கபிலர் மலையிறங்கினார். அந்தப் பறம்புதான் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்கிறார்கள். இங்கிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 200 கிலோமீட்டர் வரும். கபிலர் குறுநில மன்னன் விச்சிக்கோனிடம் போய்ப் பெண்களை ஏற்கச் சொன்னார், இன்னொரு குறுநில மன்னன் இருங்கோவேளிடம் போய்க் கேட்டார். இருவரும் மறுத்தார்கள். கபிலர் கேட்டதும் நொந்ததும் புறநானூற்றில் இருக்கின்றன. பாரி மகளை மலையன் என்ற குறுநில மன்னனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று வீரட்டேசுவரர் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. மண்ணை இழந்து வந்தவர்களின் கதை இந்த ஊரில் கல்லிலேயே வெட்டிக் கிடக்க, படம் போடுகிறவர்கள் தேரோடு நின்றுவிட்டார்கள்.

டீச்சர் இதை நான்கு வரியில் சொல்லி முடித்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுக்கிறார். “எழுத்து கூடாது. படம் மட்டும்.”

முதல் சண்டை, மலையிறங்குகிறவர்கள் எடுத்துப்போகும் மூட்டைக்கு. ஒரு பையன் குக்கர் வரைந்திருக்கிறான்.

“அப்ப ஏதுடா குக்கரு?”

“பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறப்ப எங்கம்மா மொதல்ல அதத்தான் எடுத்து வெப்பாங்க.”

“சாமிய வெக்கலாமா டீச்சர்?” இது விடுதியில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலைப் பெண். “நாங்க காஞ்சிபுரத்துலருந்து மலை ஏறி வந்தவங்கன்னு எங்க ஆயா சொல்லும். கரிராமன் சாமியும் எங்ககூட வந்துச்சாம்.” காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை என மலைக்கொருவராகப் பிரிந்ததாக மலையாளிப் பழங்குடியினர் சொல்லும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-லேயே அச்சில் ஏற்றியிருக்கிறார். இவளுக்கு ஆயா சொன்னதே போதும். சாமியோடு ஒரு சுரைக்குடுக்கையும் வரைகிறாள். “வெதைத் தினை. போற எடத்துல வெதைக்கணும் இல்ல?” குக்கர் பையன் தன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குக்கருக்குள் தினை என்று முடிவு செய்கிறான்.

பீகார்ப் பையன் தாள் முழுக்க ஒரு கேட் வரைந்திருக்கிறான். கேட்டுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நிற்கும் மீசை, தலையில் கிரீடம்.

“டீச்சர், ராஜா அட்வான்ஸ் கேட்டான்?”

எல்லோரும் சிரிக்கிறார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“அட்வான்ஸ் கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. உங்களுக்கு எடமில்லன்னுட்டாங்க.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கு ஒரு பூட்டும் போடுகிறான்.

வெயில் ஏறி, நிழல் பேனரைவிட்டு நகர்ந்துவிட்டது. தாள்களை வரிசையாக அடுக்குகிறார்கள். அட்டைக்கு என்ன படம்? “தேருதான்! தேரு இல்லன்னா பாரி கதைன்னு யாருக்குத் தெரியும்?” என்று ஏழெட்டுக் குரல். டீச்சரும் தலையாட்டுகிறார். அப்போதுதான் மலைப் பெண் கேட்கிறாள்:

“தேரைக் குடுக்காம வெச்சிருந்தா அந்த ரெண்டு பேரும் இம்மாந்தூரம் நடந்திருக்க வேணாம் இல்ல டீச்சர்?”

டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசிக்கிறார். அதற்குள், கொடுத்தது சரி என்று ஒரு கட்சி, தப்பு என்று ஒரு கட்சி, மகள்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மூன்றாவது கட்சி. அட்டைத்தாள் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.