நான் நிறுத்திய ஃப்ரேம்

அது ஆஃப்சைடு இல்லை. ஆஃப்சைடு என்று சொன்னவன் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு இடையே 2024-இல் நடந்த ஒரு கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். லைன் பார்த்தது நான். போன் வீடியோ ஏற்பாடு செய்ததும் நான். அந்த வீடியோவை எந்த இடத்தில் நிறுத்திக் காட்டுவது என்று முடிவு செய்ததும் நான்தான். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லியிருக்கிறேன். 'வீடியோவை நம்பி ஏமாந்துட்டோம்' என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பாதி பொய்.

நான் தண்டையார்பேட்டையில் பந்தாடி வளர்ந்தவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. விதிகள் மட்டும் அத்துப்படி. ஆட்டத்தில் ஜெயிக்காதவனுக்கு விதியிலாவது ஜெயிக்க ஆசை இருக்கும். இப்போது குடியிருப்பது மீஞ்சூரில். கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்று அளப்பதுதான் பிழைப்பு. புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையன்களுக்கு முதலில் ஒன்று சொல்லித்தருவேன். டயலை நேருக்கு நேர் பார். சாய்வாகப் பார்த்தால் முள் பக்கத்துக் கோட்டில் நிற்பதுபோல் தெரியும். நல்ல பீஸ் ரிஜெக்ட் பெட்டிக்குப் போய்விடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இதை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

வீடியோ ஆசை எனக்கு வந்தது தோஹாவிலிருந்து. 2024 ஜூன் 11. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, இந்தியாவும் கத்தாரும். சுனில் சேத்ரி ஓய்வு பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. 37-ஆவது நிமிடத்தில் இந்தியாவின் சாங்டே கோல் போட்டார். 73-ஆவது நிமிடத்தில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார் ஆட்டக்காரர் அதை உள்ளே இழுத்துவிட்டார். யூசுப் அய்மன் கோலுக்குள் தள்ளினார். ரெஃப்ரி கோல் என்றார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். என்னும் வீடியோ பரிசோதனை கிடையாது. 85-ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 1–2. இந்தியா வெளியே. நம் ஐ.எஸ்.எல். போட்டியிலும் அப்போது வி.ஏ.ஆர். இல்லை. மறுநாள் கேன்டீனில் இதே பேச்சு. ஒரு கேமரா இருந்திருந்தால் போதுமே என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் நான்.

சில மாதம் கழித்து எங்கள் போட்டி வந்தபோது கமிட்டியில் எழுந்து, ஆஃப்சைடுக்கு வீடியோ நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நடுக்கோட்டுக்கு நேராக இருந்த தண்ணீர்த் தொட்டி மேடையில் ட்ரைபாட் வைத்து போனை மாட்டினேன். நம்ம சிப்காட்டுக்கே வி.ஏ.ஆர். வந்தாச்சு என்று ஒருவர் கை தட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. முறைப்படி அனுமதி பெற்ற போட்டிகளில் மட்டும்தான் வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்பது கால்பந்து விதி. எனக்குத் தெரியும். கமிட்டியில் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஆஃப்சைடைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் பிடிபடாது. ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்பதுதான் கேள்வி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கேள்வி. எப்போது அங்கே நின்றான் என்பது மீதி. கூட்டாளியின் கால் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் அவன் கடைசிக்கு முந்தைய எதிராளியைத் தாண்டி இருந்தானா என்று பார்க்க வேண்டும். பந்து காலை விட்ட பிறகு அவன் எவ்வளவு தூரம் ஓடினாலும் குற்றமில்லை. அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகத்தான் 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே உணர்கருவி வைத்தார்கள். அது நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. மேற்கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்தன. முதல் ஆட்டத்திலேயே மூன்றாம் நிமிடம் ஈக்வடார் போட்ட கோல் அப்படித்தான் ரத்தானது.

என் போன் நொடிக்கு 30 படம் எடுக்கும். இரண்டு படத்துக்கு நடுவே நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஓடிவிடும். நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் அதற்குள் 23 சென்டிமீட்டர் போயிருப்பான். ஒரு சாண். இந்தக் கணக்கு எனக்கு ஆட்டத்துக்கு முன்பே தெரியும். போட்டும் பார்த்திருக்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் எங்கள் கம்பெனி பெர்மனென்ட் ஆட்கள். மறுபக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் சேர்த்த அணி. பெரும்பாலும் ஒடிசா, வங்காளப் பையன்கள். ஜெர்சிக்கு அவர்களே காசு போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் 1–0 முன்னால். முடிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. நடுவிலிருந்து ஒரு த்ரூ பால். ஒடிசாப் பையன் ஒருவன் ஓடினான். நான் டிஃபெண்டர்களுக்கு நேர் கோட்டில் நின்றிருந்தேன். உதைத்த கணத்தில் அவன் டிஃபெண்டருக்குப் பின்னால் இருந்தான். சந்தேகமே இல்லை. கொடியைத் தூக்கவில்லை. அவன் கோல் போட்டான். ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டினார்.

எங்கள் ஆட்கள் கத்தினார்கள். கோட்டுக்கு வெளியே எங்கள் மேனேஜர் நின்றிருந்தார். என் ப்ரமோஷன் காகிதம் அவர் மேசையில் இருந்த காலம் அது. அவர் என்னை மிரட்டவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "வீடியோ இருக்குல்லப்பா, பாரேன்" என்றார். அவ்வளவுதான். மீதியெல்லாம் என் பயம்.

ரெஃப்ரியும் நானும் போனைப் பார்த்தோம். என் விரல்தான் திரையில் இருந்தது. முதலில் நிறுத்திய படத்தில் பந்து உதைத்தவன் காலோடு ஒட்டியிருந்தது. ஓடுகிறவன் கலங்கலாகத் தெரிந்தான். டிஃபெண்டருக்குப் பின்னால்தான் இருந்தான் என்று நினைத்தேன். ரெஃப்ரி கண்ணை இடுக்கினார். "தெளிவா இல்லையே" என்றார். நான் ஒரு படம் முன்னே தள்ளினேன். இன்னொன்றும் தள்ளினேன். இப்போது படம் சுத்தமாக இருந்தது. பையன் டிஃபெண்டரைத் தாண்டி நின்றான். பந்தும் உதைத்த காலை விட்டு விலகியிருந்தது. அந்த விலகலை நான் பார்த்தேன். ரெஃப்ரி பார்க்கவில்லை. அவர் ஓடுகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. போன் நடுக்கோட்டில் இருந்தது. சம்பவம் நடந்தது பெனால்ட்டி பாக்ஸுக்கு அருகே. படம் முழுக்கச் சாய்வு. டயலைச் சாய்வாகப் பார்க்காதே என்று பையன்களுக்குச் சொல்கிறவன், சாய்ந்த படத்தை வைத்துக்கொண்டு நேர்கோடு பார்த்தேன்.

"ஆஃப்சைடு" என்றேன்.

ஏன் சொன்னேன்? மேனேஜர் மீதிருந்த பயம் ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரியது கர்வம். அத்தனை பேர் முன்னால் கொண்டுவந்த கருவி. 'தெரியவில்லை, கோல் நிற்கட்டும்' என்று சொன்னால் இந்தப் போன் எதற்கு என்று சிரிப்பார்கள். கருவி ஏதாவது ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும் என்று இருந்தது எனக்கு. என் கண்ணை நான் நம்பாமல் இல்லை. கண் சொன்னதற்கு நான் பொறுப்பாக வேண்டும். வீடியோ சொன்னால் வீடியோ பொறுப்பு. அது வசதியாக இருந்தது.

அந்தப் பையன்கள் சண்டைக்கு வரவில்லை. கோபமாகக் கத்தினார்கள், இந்தியிலும் உடைந்த தமிழிலும். கோல் போட்டவன் என்னிடம் வந்து நெஞ்சில் கை வைத்து, "சார், நான் பின்னாடி, நான் பின்னாடி" என்றான். "வீடியோவுல இருக்கு தம்பி" என்றேன். 1–0 என்று முடிந்தது.

இரவு லோக்கல் ட்ரெயினில் கவரைப்பேட்டை வருவதற்குள் நான் அந்த வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்துவிட்டேன். பந்து காலில் இருக்கும் படத்தில் அவன் டிஃபெண்டருக்குப் பின்னால்தான் இருந்தான். சாய்வைக் கழித்துப் பார்த்தால் இன்னும் பின்னால். பொன்னேரி தாண்டியதும் அதை அழித்தேன். அழித்தவை தங்கும் இடத்துக்கும் போய் அங்கிருந்தும் அழித்தேன். அப்போது அவசரமில்லை, பதற்றமில்லை. வேலை முடிப்பதுபோல் செய்தேன்.

மறுநாள் அந்தப் பையன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். 'ஸ்டாஃபிடம் எகிறினான்' என்று காரணம் சொல்லி அவனுடைய கான்ட்ராக்டர் அவனை உள்ளே விடவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலைக்கு வராத நாளில் கூலி கிடையாது. "சார், வீடியோ குடுங்க சார், அவருக்குக் காட்டுறேன், நான் பொய் சொல்லல" என்றான். போனில் இடம் இல்லை, தானாக அழிந்துவிட்டது என்றேன். அவன் நம்பினான். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். கான்ட்ராக்டரிடம் போய் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீடியோகூட வேண்டியதில்லை. நான் போகவில்லை. பிறகு அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தில் லூயிஸ் டியாஸ் போட்ட கோலின் கதையை டீக்கடையில் நான் பலமுறை சிரித்துச் சொல்லியிருக்கிறேன். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார்கள். வீடியோ அறையில் இருந்த டேரன் இங்கிலாந்து (பெயரே அப்படித்தான்) அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்தது என்று மட்டும் சொன்னார். ஆட்டம் தொடங்கிவிட்டது. சில நொடியில் அறையில் இருந்தவர்களுக்கு உறைத்தது. நிறுத்தச் சொல்லிக் குரல் வந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர். லிவர்பூல் 2–1 தோற்றது. மூன்று நாளில் அந்த அறையின் ஒலிப்பதிவை உலகமே கேட்டது.

இவ்வளவு கேமரா வைத்துக்கொண்டு இப்படியா என்று சிரித்தேன். அவருக்கு நடந்தது கவனப் பிசகு. அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். பதிவும் வெளியே வந்தது. நான் ரெஃப்ரியிடம் சொன்னபோது ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. 'ஒரு நிமிஷம், முதல் படத்தைப் பாருங்கள்' என்று சொல்ல நேரம் இருந்தது. என் பதிவு எங்கேயும் இல்லை.

அடுத்த ஆண்டு கமிட்டியில், தகராறு வருகிறது, கான்ட்ராக்ட் அணிகள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போன தடவை வீடியோவால்தான் பிரச்சினை பெரிதாகாமல் முடிந்தது என்று ஒருவர் என்னைப் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

ப்ரமோஷன் வந்தது. அந்த ஆட்டத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. வராமல் போயிருக்கும் என்றும் சொல்ல முடியாது. சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கமிட்டி ஆட்களும் இருப்பார்கள். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் 1–0 என்று எழுதி லைன்ஸ்மேன் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது தப்பு. கோல் செல்லும். ஸ்கோர் 1–1.