தூசி படிந்த வண்டியும் தோல் இருக்கையும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூரில், விடுப்பில் சென்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக மூன்று மாதம் பணியாற்றும் வாய்ப்பு 2022ஆம் ஆண்டு நமக்குக் கிட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டில் பெட்ரோலின் சராசரி விலை வரலாற்றில் முதன்முறையாகக் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. கேலன் என்பது ஏறத்தாழ மூன்றேமுக்கால் லிட்டர். நம் ஊர் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தோன்றாது. ஆயினும் பேருந்தே இல்லாத ஊரில், பால் வாங்கக்கூட வண்டி எடுத்தாக வேண்டிய மக்களுக்கு அது பேரிடியாகவே இருந்தது. கோவில் வாசலில் வேறு பேச்சே இல்லை.

அந்நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் செய்த பிழையை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

பங்கில் ஒரு தச்சர் இருந்தார். மெக்சிகோ வழிவந்தவர், அதிகம் பேசாதவர். அவரிடம் இருந்தது ஃபோர்டு எஃப்-150 என்னும் பெரிய பிக்கப் வண்டி. பின்பக்கம் திறந்த சுமைத்தளத்தில் எப்பொழுதும் மரத்தூள் அப்பியிருக்கும், பக்கமெல்லாம் கீறல். திருப்பலி முடிந்து எல்லோரும் வாசலில் நின்றிருந்தபோது, அவர் வண்டியைச் சுட்டி, "இந்த விலையில் இவ்வளவு பெரிய வண்டி எதற்கு? உங்கள் சம்பாத்தியம் முழுவதையும் இதுவே குடித்துவிடுமே!" என்றோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அன்று காலை நாம் வந்து இறங்கிய வண்டி ஒரு காடிலாக் எஸ்கலேட். பாளையங்கோட்டையிலிருந்து சென்று அங்கே குடியேறிய மருத்துவர் ஒருவருடையது. அமர்ந்தால் அமிழ்ந்துபோகும் தோல் இருக்கை. எந்திரத்தின் ஓசை உள்ளே வராது. சத்தமிடாத வண்டி அளவாகத்தான் குடிக்கும் என்று நம் மனம் தானாகவே எண்ணிக்கொண்டது போலும்.

செவ்வாய்க்கிழமை பங்கு மண்டபத்தின் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். கூலி வாங்காமல் செய்யும் வேலை அது. வேலை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து நம் முன் வைத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் எத்தனை கேலன், எத்தனை மைல் என்று பென்சிலால் எழுதியிருந்தார். "பாத்ரே, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இறங்கிய வண்டி என் வண்டியைவிட அதிகம் குடிக்கும். அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது.

அவர் சொன்னது மெய்யா என்று அன்றிரவு தேடிப் பார்த்தோம். அந்நாட்டில் புதிய வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்து, நகர ஓட்டத்தை 55 விழுக்காடும் நெடுஞ்சாலை ஓட்டத்தை 45 விழுக்காடும் சேர்த்து ஒரு சராசரி சொல்கிறார்கள். மருத்துவரின் 2021ஆம் ஆண்டு எஸ்கலேட், 6.2 லிட்டர் வி-8 எந்திரமும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. அதற்குக் கேலனுக்கு 16 மைல். தச்சரின் வண்டி அதே ஆண்டைச் சேர்ந்தது, 2.7 லிட்டர் எந்திரம், இரு சக்கர இயக்கம். அதற்கு 22 மைல். நம் கணக்கில் சொன்னால், முன்னது லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர், பின்னது 9.4. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால் சொகுசு வண்டிக்கு 750 கேலன் வேண்டும். சுமை வண்டிக்கு 545 போதும். போதாக்குறைக்கு எஸ்கலேட்டுக்கு விலை கூடிய உயர்தரப் பெட்ரோலே பரிந்துரைக்கப்படுகிறது.

காரணமும் எளிதுதான். எஸ்கலேட்டின் எந்திரம் பெரிது; உடலும் கனம். ஃபோர்டு நிறுவனமோ 2015ஆம் ஆண்டு வண்டியிலிருந்து எஃப்-150இன் மேற்கூட்டை அலுமினியத்தால் செய்து, 700 பவுண்டு வரை எடையைக் குறைத்தது. இத்தனைக்கும் இவ்விருவகை வண்டிகளும் உறவினரே. எஸ்கலேட், செவர்லே சில்வராடோ பிக்கப்பின் அடித்தளக் குடும்பத்தைச் சேர்ந்தது. லிங்கன் நேவிகேட்டர் என்னும் சொகுசு வண்டியும் ஃபோர்டின் பிக்கப் வழியில் பிறந்ததே. சுமை வண்டியின் எலும்பின்மேல் பட்டாடை போர்த்தி, 1990களின் இறுதியில் இவற்றைச் சந்தைக்குக் கொணர்ந்தார்கள்.

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடைக்குப் பின், 1975இல் அந்நாடு எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. 1985க்குள் கார்கள் சராசரியாகக் கேலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்று அது விதித்தது. உழவரும் தச்சரும் பிழைக்க வேண்டுமே என்று சுமை வண்டிகளுக்குத் தனியாக, தாழ்ந்த அளவு வகுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில்கூட அது 20.7 மைல்தான். 1978இல் அதிகம் குடிக்கும் கார்களுக்கு வரி விதித்தபோதும் சுமை வண்டிகளை அது தொடவில்லை. உழைப்பவனுக்காகப் போட்ட அந்தப் பந்தலின் நிழலில், சுமை வண்டி என்னும் பெயரோடு சொகுசு வண்டியும் வந்து அமர்ந்துகொண்டது. சிக்கன அளவை மீறும் நிறுவனங்கள் கட்ட வேண்டிய அபராதத்தையும் 2025 ஜூலையில் ஒரு சட்டம் சுழியமாக்கிவிட்டது.

இன்னொன்றையும் அப்போதுதான் கற்றோம். 'ஒரு கேலனுக்கு எத்தனை மைல்' என்னும் கேள்வியே நம்மை ஏமாற்றக்கூடியது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்னும் இருவர் 2008இல் இதை எடுத்துக்காட்டினர். கேலனுக்கு 32 மைல் ஓடும் காரை விட்டு 48 மைல் ஓடும் காருக்கு மாறுகிறவர், 12,000 மைலில் 125 கேலன் மிச்சம் பிடிக்கிறார். 16 மைல் வண்டியை விட்டு 24 மைல் வண்டிக்கு மாறுகிறவரோ 250 கேலன் மிச்சம் பிடிக்கிறார். எட்டு மைல் ஏற்றம், பதினாறு மைல் ஏற்றத்தைவிட இருமடங்கு பயன் தருகிறது! பெருந்தீனிக்காரன் குறைக்கும் ஒரு கவளமே பெரிது. 2013ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அந்தச் சீட்டில் '100 மைலுக்கு எத்தனை கேலன்' என்பதையும் அச்சிடுகிறார்கள்.

இதையெல்லாம் அறிந்தபின் மருத்துவரைக் குற்றவாளியாக்கிவிட நம் மனம் துடித்தது உண்மை. அடுத்த முறை அவரோடு செல்கையில் மெல்லக் கேட்டோம். அவர் சினக்கவில்லை. "சாமி, வண்டியில எத்தனை பேர் இருக்கோம்னு எண்ணிப் பாருங்க" என்றார். அவர், மனைவி, இரு பிள்ளைகள், முழங்கால் வலியால் தாழ்ந்த காரில் ஏற முடியாத அவருடைய தாயார், நாம். ஆக ஆறு பேர். ஒரு கேலனில் ஆறு பேர் 16 மைல் செல்கிறோம். ஆளுக்கு ஒரு மைல் என எண்ணினால் 96 மைல். "ஆனா தினமும் ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும்தான் போறேன். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல சாமி" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

தச்சரின் குறிப்பேட்டிலும் எல்லாப் பக்கமும் 22 இல்லை. மரம் ஏற்றிய இழுவண்டியைப் பூட்டிச் சென்ற நாள்களில் 10, 11 என்றே இருந்தது. அந்நாள்களில் அவர் வண்டி, எஸ்கலேட்டைவிட அதிகம் குடித்திருக்கிறது. ஆனால் அது குடித்ததற்கு ஈடாக எங்கோ ஒரு வீட்டுக்குக் கூரை எழும்பியிருக்கும். சீட்டில் உள்ள எண் சுமையற்ற வண்டியின் எண். சுமையை எழுத அதில் இடமில்லை. அதே ஊரில், சுமைத்தளத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய பிக்கப்களையும் கண்டோம். ஆகவே வண்டியின் இனத்தை வைத்து மனிதரை எடைபோட முடியாது.

நமக்கென்று பங்கில் கொடுத்திருந்த சிறிய கார் கேலனுக்கு 32 மைல் ஓடியது. அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ஆனால் மூன்று மாதமும் அதில் நாம் தனியாகவே சென்றோம். மாலையில் காற்று வாங்கவும், கடைத்தெருவைப் பார்க்கவும் எடுத்துச் சென்ற நாள்கள் பல. ஆளுக்கு ஒரு மைல் என்னும் அதே கணக்கில் நமக்குக் கிடைப்பது 32தான். ஆறு பேரோடு சென்ற எஸ்கலேட்டின் முன் அது மூன்றில் ஒரு பங்கு.

அடுத்த ஞாயிறு, அதே வாசலில், சிரித்த அதே மக்கள் முன்னிலையில் தச்சரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்துடன் நம் கையைப் பற்றி, "கதவு இப்பொழுது ஒழுங்காக மூடுகிறதா, பாத்ரே?" என்று மட்டும் கேட்டார். நன்றாக மூடுகிறது என்றோம்.

தாயகம் திரும்பி ஆண்டுகள் சில ஆகிவிட்டன. பங்கில் யாரேனும் புது வண்டி வாங்கி மந்திரிக்கக் கொண்டுவந்தால், "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில்லை. "இதில் யாரை, எதை ஏற்றிச் செல்லப் போகிறீர்கள்?" என்றும் கேட்கிறோம். நம் மேசையறையில் இப்பொழுது ஒரு சிறு குறிப்பேடு கிடக்கிறது. நம் வண்டி ஓடிய தூரமும் குடித்த லிட்டரும், உடன் வந்தவர் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்கின்றன. மூன்றாவது பத்தியில் 'ஒருவர்' என்னும் சொல்லே இன்னமும் அதிகம்.