ஆட்டம் தளர்ந்தால்...

பல்லாண்டுகள் ஒரு குழுவுக்காக ஓடிய கால்கள் ஓய்ந்து வருகின்றன. முன்பெல்லாம் கண் இமைப்பதற்குள் வலைக்குள் பாய்ந்த பந்து, இன்று கம்பத்துக்கு மேலே பறக்கிறது. அந்த ஆட்டக்காரரைக் குழு என்ன செய்யவேண்டும்? வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக ஓர் இளைஞரை வாங்கிக்கொள்வதா? செய்த தொண்டை எண்ணி, அவராகவே போகும்வரை ஆடவிடுவதா?

இந்த வினா எழுந்தால் போதும், நம் விடுதி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒன்று கணக்குக் கட்சி. மற்றொன்று கண்ணீர்க் கட்சி. “எத்தனை கோல் அடித்தார்? எவ்வளவு ஊதியம் வாங்குகிறார்? கழித்துப் பார்; மிச்சம் இல்லையென்றால் அனுப்பிவிடு” என்பார்கள் கணக்குக் கட்சியினர். “கறிவேப்பிலையா அவர், மணம் தந்தபின் எடுத்து எறிவதற்கு? அவர் ஆடத்தான் வேண்டும்” என்பார்கள் கண்ணீர்க் கட்சியினர். இரு கட்சியிலும் என் நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். ஆயினும் இரு கட்சியும் ஒன்றாகவே இடறுகின்றன என்பது என் துணிபு. களத்தில் ஒருவருக்குள்ள இடம் வேறு. குழுவோடு அவருக்குள்ள உறவு வேறு. முதல்வர்கள் இடம் போனதென்று உறவையும் அறுக்கிறார்கள். அடுத்தவர்கள் உறவு இருக்கிறதென்று இடத்தையும் கொடுக்கிறார்கள்.

சான்று தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. பெங்களூரு எஃப்.சி. குழுவையும் சுனில் சேத்ரியையும் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் பிறந்தவர் சேத்ரி. 2013-இல் அந்தக் குழு தோன்றிய ஆண்டிலேயே அதில் சேர்ந்தார். தலைவராக நின்று ஐ-லீக் பட்டத்தை இருமுறையும், 2018-19 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

2022-23 பருவத்தில் அந்த முகம் வாடியது. அப்போது அவருக்கு அகவை 38. கோல்கள் வரவில்லை, வெற்றியும் வரவில்லை. குழு பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. பயிற்சியாளர் சைமன் கிரேசன் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஊரே போற்றும் தலைவரை வெளியே பலகையில் உட்காரவைத்தார். முன்னணியில் ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாக ஆடியவர் யார் தெரியுமா? காரைக்குடியை அடுத்த கண்டனூரிலிருந்து வந்த நம் சிவசக்தி நாராயணன்! அப்போது அவருக்கு 21 வயதுதான். இளங்கால்கள் ஓடின, குழு எழுந்தது. தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களில் வென்று நான்காம் இடத்துக்கு வந்தது. அந்தப் பருவத்தில் சிவசக்தி அடித்தவை ஆறு கோல்கள். வளரும் ஆட்டக்காரருக்கான பரிசும் அவரைத் தேடி வந்தது.

கணக்குக் கட்சி வென்றது என்று எண்ணிவிடாதீர்கள். சேத்ரியைக் குழு விற்கவில்லை. அவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, அழைத்தபோது வந்தார். 2023 மார்ச் 3-ஆம் நாள் கேரளா பிளாஸ்டர்ஸ் குழுவுடன் நடந்த வெளியேற்றச் சுற்றில் மாற்று ஆட்டக்காரராக வந்து, கூடுதல் நேரத்தில் விரைந்து அடித்த தனி உதையால் வெற்றிக் கோல் போட்டார். அந்தக் கோலை ஒப்பாமல் எதிர்க்குழு களத்தை விட்டே வெளியேறியது. நான்கு நாள் கழித்து மும்பையில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் பலகையிலிருந்து எழுந்து வந்தே தலையால் முட்டி ஒரே கோலை அடித்தார். மார்ச் 18-இல் கோவாவில் இறுதியாட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயமுற்று வெளியேற, அவர் இடத்துக்கு வந்தவரும் சேத்ரியே. பெனால்டி உதைகளில் பெங்களூரு தோற்றது உண்மை. ஆனால் இளையவருக்கு இடம், மூத்தவருக்கு மதிப்பு என்ற இரண்டையும் ஒரே குழு ஒரே பருவத்தில் காத்துக் காட்டியதே, அது எளிய செயலா?

அதன்பின் நடந்ததும் நாம் அறிந்ததே. 2024 டிசம்பர் 7-ஆம் நாள், நாற்பது வயதில், அதே கேரளக் குழுவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். 2024-25 பருவத்தை 14 கோல்களுடன் முடித்தார். அந்த ஆண்டு அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் குழுவை இறுதிக்கு ஏற்றியதும் அவர் தலையால் முட்டிய பந்துதான்.

“பார்த்தீர்களா? வைத்திருந்தால் பலன் உண்டு!” என்று கண்ணீர்க் கட்சி நண்பர் ஒருவர் துள்ளிக் குதித்தார். நான் அதற்கும் உடன்படவில்லை. ஆட்டம் திரும்பியதால்தான் வைத்திருந்தது சரி என்றால், திரும்பாதவரை விற்றது சரி என்றாகிவிடும். சேத்ரிக்குத் திரும்பியது. ஓய்ந்தபின் திரும்பாத கால்களே உலகில் மிகுதி. அவர்கள் கதை என்ன? அதற்கு என் ஊர்க் குழுவின் கதையைத்தான் சொல்லவேண்டும்.

என் ஊர் பாகாலா. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே உள்ள புகைவண்டிச் சந்திப்பு. காட்பாடியிலிருந்து வரும் பாதை அங்கே இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று திருப்பதிக்குப் போகிறது. மற்றொன்று பீலேர், கதிரி வழியாகத் தர்மாவரத்துக்குப் போகிறது. எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. சென்னையும் பெங்களூரும் சில மணி நேரப் பயணத்தில் இருப்பதால், விளையாட்டுப் பற்றிலும் ஊர் இரண்டாகக் கிளைத்திருக்கிறது.

பெயர்ப்பலகைகூட இல்லாத குழு எங்களுடையது. சவுக்குக் கழிகளே கோல் கம்பங்கள். அந்தக் குழுவை உண்டாக்கியவர் ஓர் அண்ணன். தமிழ்ப் பையன்களும் தெலுங்குப் பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைப்போம். அந்தச் சொல்லுக்கு அங்கே மொழி எல்லை கிடையாது. எங்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே, கிழிந்த பந்துக்கு மாற்றுப் பந்து வாங்கித் தந்தவரும் அவரே. பதினைந்து ஆண்டுகள் நடு முன்னணியில் ஆடினார். நாற்பதைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஒரு கோடை முழுவதும் அவர் காலிலிருந்து ஒரு கோல்கூட வரவில்லை.

அந்த நேரத்தில் சித்தூரிலிருந்து ஒரு குழு பேச வந்தது. அவர்களுக்கு இளைஞர்களைப் பழக்க ஒருவர் தேவை. எங்களுக்கு நல்ல கோல் காப்பாளர் இல்லை. “உங்கள் அண்ணனை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் காப்பாளர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். பண்டமாற்று! நாங்கள் புளியமரத்தடியில் கூடினோம். அண்ணனுக்குச் சொல்லவில்லை. புகைவண்டி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அங்கே இருந்தார். “மீட்டர் பாதைக் காலத்து இஞ்சினை எல்லாம் மாத்தலையாப்பா? பழசானா மாத்தித்தான் ஆகணும்” என்றார். பலர் தலையசைத்தார்கள்.

நான் எழுந்து சொன்னேன்: “தாத்தா, நீங்க சொல்றது சரி. ஆனா எந்தப் பழைய இஞ்சினும் புது இஞ்சினுக்கு ஓடக் கத்துக் குடுக்கலையே!” சிரித்தார்கள், சிரிப்பு அடங்கியபின் எண்ணினார்கள். முடிவு இதுதான்: அண்ணன் முதல் பதினொருவரில் இல்லை; அண்ணனைக் கொடுப்பதும் இல்லை. எவர் வாயிலாகவோ அவர் கேட்டுக்கொள்வதற்குள் நாமே நேரில் போய்ச் சொல்லிவிடவேண்டும்.

நால்வர் போனோம். பாதியில் என் நா குழறியது. அவரே முடித்துவைத்தார். “இன்னும் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்பா. சரி, என் இடத்துல யாரைப் போடறீங்க?” என்றார். பெயரைச் சொன்னோம். “அவனா? அவனுக்கு இடது காலே வராதேடா!” என்று கவலைப்பட்டார். மறுநாள் மாலை, நாங்கள் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே களத்தில் இருவர் இருந்தார்கள். அண்ணன் பந்தை உருட்டுகிறார். அந்தப் பையன் இடது காலாலேயே உதைக்கிறான்.

அடுத்த பந்தயத்தில் நாங்கள் வென்றோமா? இல்லை, தோற்றோம். அண்ணன் பின்னர் கோல் மழை பொழிந்தாரா? அதுவும் இல்லை. நல்ல காப்பாளரும் கிடைக்கவில்லை. இழப்பு இழப்புத்தான், மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த முடிவு தவறு என்று நான் கருதவில்லை. மூத்தவரை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்பதைக் குழுவின் கடைசிப் பையனும் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குத் தனக்கும் இதுதான் நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பையன்தான் மழையிலும் பயிற்சிக்கு வருகிறான். இதைக் கணக்குக் கட்சியினர் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அப்படியானால் எவரையும் எக்காலத்தும் பிரியவே கூடாதா? அப்படிச் சொல்வதும் அறியாமை. பெருங்குழுக்களுக்குப் பண எல்லை உண்டு, விதிகளும் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் கதையைக் கால்பந்து அன்பர்களும் மறந்திருக்கமாட்டார்கள். சுரேஷ் ரெய்னா 2008-இல் தொடக்கத்திலிருந்தே அந்த அணிக்கு ஆடியவர். ‘சின்னத் தல’ என்று நாம் கொண்டாடியவர். 2021-இல் 12 ஆட்டங்களில் 160 ஓட்டங்களே எடுத்தார். அவர் இடத்துக்கு வந்த ராபின் உத்தப்பா, தகுதிச் சுற்றில் டெல்லிக்கு எதிராக 63 ஓட்டங்கள் குவித்தார். அணி பட்டமும் வென்றது. அவரை உட்காரவைத்தது சரியே. பத்து அணிகளுக்கான பெரிய ஏலத்துக்கு முன் நால்வரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பதும் விதி. ஆனால் 2022 பிப்ரவரியில் பெங்களூரில் இரண்டு நாள் நடந்த அந்த ஏலத்தில் ரெய்னாவை எந்த அணியும் கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை. அதுவரை சென்னைக்காக மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் அவரே! விலை போகாதோர் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்த அன்று, எங்கள் ஊரில் பெங்களூருக் கட்சிக்காரர்கள்கூடக் கேலி செய்யவில்லை.

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவைச் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றது. ஜடேஜாவோடு சாம் கரனும் போனார். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துப் பட்டம் தந்த அதே ஜடேஜாதான். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பிரிவை நான் ரெய்னாவின் பிரிவோடு சேர்த்து வைக்கமாட்டேன். இத்தகைய மாற்றத்துக்கு ஆட்டக்காரரின் இசைவு வேண்டும் என்பது விதி. மேலும் அவர் போனது 2008-இல் தாம் முதன்முதல் ஆடிய அணிக்கு. ஆட இன்னும் வலுவிருந்து, இங்கே இடம் சுருங்கி, அங்கே வரவேற்பும் இருந்து, தாமும் இசைந்தால், பிரிவது இழிவன்று. கேட்காமலே கைவிடுவதுதான் இழிவு.

கடமை குழுவுக்கு மட்டும் உரியதன்று, மூத்தவருக்கும் உண்டு. ரோமா குழுவின் பிரான்செஸ்கோ டோட்டி 1993 முதல் 2017 வரை அந்த ஒரே குழுவுக்கு ஆடியவர். 2016 பிப்ரவரியில், தம்மைப் பலகையில் உட்காரவைப்பது பற்றித் தொலைக்காட்சியில் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அவரைச் சேர்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார் பயிற்சியாளர் ஸ்பலேட்டி. இருவருக்கும் அது நல்ல நாளன்று. ஆனால் டோட்டி மீண்டும் வந்து பலகையில் உட்கார்ந்தார். ஏப்ரல் 20-ஆம் நாள் டொரினோவுக்கு எதிராக, முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இறங்கி, இரண்டு கோல் அடித்துத் தோல்வியை வெற்றியாக்கினார். பலகையில் உட்காரத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

ஆகவே நண்பர்களே, என் தீர்ப்பு இது. ஆட்டம் தளர்ந்தவரை வெளியே உட்காரவைக்கத் தயங்காதீர்கள். தயங்கினால் ஒரு சிவசக்தியின் வழியை அடைக்கிறீர்கள். ஆனால் அவரைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். எந்த முடிவானாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன், அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லுங்கள்.