பறித்து வைத்த ஒலிநாடா

இவ்வாண்டுத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் அருகே நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு இடையிலிருந்து கறுப்புச் சட்டை அணிந்த ஒருவர் எழுந்து வந்து கைகூப்பினார். 2001ஆம் ஆண்டில் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவர். நலம் விசாரித்த பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், எங்க அண்ணனோட கேசட் இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"

நானும் சிரித்தேன். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டபின் சிரிப்பு வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டை நினைவிற்குக் கொண்டுவர விரும்புகிறேன். 'பிளாக் மெட்டல்' என்ற சொல் அவ்வாண்டு நாளேடுகளில் அடிபட்டது. அண்டை மாநிலமான கெடாவின் பள்ளிகளில் தொடங்கிய பரபரப்பு எங்கும் பரவியது. மாணவர்களின் பைகளும் உடைகளும் சோதிக்கப்பட்டன. ஆட்டு இரத்தம் குடிக்கிறார்கள், சுடுகாட்டில் கூடுகிறார்கள் என்று ஆசிரியர் அறையிலேயே பேசிக்கொண்டோம். நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து அதிக காலம் ஆகவில்லை. நல்ல ஆசிரியன் என்று பெயரெடுக்கும் ஆவல் மிகுந்திருந்த காலம். அந்நாள்களில்தான் அம்மாணவனின் பையில் அந்த ஒலிநாடா அகப்பட்டது. அட்டையில் கல்லறையைப் பிளந்துகொண்டு எழும் எலும்பு முகம், மின்னல், 'லைவ் ஆஃப்டர் டெத்' என்ற தலைப்பு. எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பறித்து வைத்தேன், தந்தையை அழைத்துப் பேசினேன். ஆண்டிறுதியில் இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது அது குப்பைக்குப் போனது.

தைப்பூசம் முடிந்து வந்த பள்ளி விடுமுறையில், பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த சில ஆவணப்படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதன்முறை பார்த்தபோது கட்டொழுங்கு ஆசிரியரின் கண்களோடு பார்த்திருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்கிற்று. பச்சை குத்திய கைகளும் நீண்ட முடியும்தாம் நினைவில் நின்றிருந்தன. அவர்கள் பேசியது ஒன்றுகூட நினைவில்லை.

கனடாவைச் சேர்ந்த சாம் டன் மானிடவியல் பயின்றவர். ஸ்காட் மெக்ஃபேடியனுடன் சேர்ந்து 2005இல் 'மெட்டல்: எ ஹெட்பேங்கர்ஸ் ஜர்னி' என்ற படத்தை எடுத்தார். 1985இல் அமெரிக்க மேலவை நடத்திய விசாரணை அதில் வருகிறது. பாடல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று செல்வாக்குள்ள தாய்மார் சிலர் முறையிட, 'டுவிஸ்டட் சிஸ்டர்' குழுவின் டீ ஸ்னைடர் சாட்சி சொல்ல வந்தார். கொடூரமான பாலியல் பாடல் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பாட்டு, உண்மையில் தம் குழுவின் கித்தார் கலைஞருக்கு நடக்கவிருந்த தொண்டை அறுவைச் சிகிச்சையைப் பற்றியது, அந்த அச்சத்தைப் பாடியது என்று அவர் விளக்கினார். ஆண்டுதோறும் கருத்துணர்தல் பயிற்சி கொடுப்பவன் நான். பகுதியைப் படிக்காமலே விடை எழுதும் மாணவனுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்போம்?

அதைவிட என்னை நிலைகுலையச் செய்தது 'ஃபிளைட் 666'. அயர்ன் மெய்டன் குழு 2008இல் தனி விமானத்தில் மேற்கொண்ட உலகச் சுற்றுப்பயணத்தின் பதிவு அது. முதல் நிகழ்ச்சியே மும்பையில் நடந்தது. அவர்கள் பாடியவற்றுள் ஒன்று, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட நெடுங்கவிதையைத் தழுவியது. ஒரு கடற்பறவையைக் காரணமின்றிக் கொன்ற மாலுமி, வாழ்நாளெல்லாம் அக்கதையைச் சந்திப்பவர்களிடம் சொல்லித் திரிய வேண்டியவனாகிறான். நான் குப்பையில் போட்ட ஒலிநாடாவிலும் அதே பாடல் 13 நிமிடங்களுக்கு இருந்தது. பதினாறு வயது அண்ணன் ஒருவன் அக்கவிதையைத் தேடிப் படித்திருக்கவும் கூடும். நான் கேட்கவில்லை.

டன்னும் மெக்ஃபேடியனும் 2008இல் எடுத்த 'குளோபல் மெட்டல்' இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான், சீனா எனப் பல நாடுகளுக்குச் செல்கிறது. நம் நாடு அதில் இல்லை. சிங்கப்பூரும் இருந்திருந்தால் 'ருத்ரா' குழுவைக் காட்டியிருக்கலாம். 1992இல் அங்குள்ள இந்திய இளைஞர்கள் தொடங்கிய குழு அது. வேதாந்தக் கருத்துகளையும் வடமொழிச் சுலோகங்களையும் இவ்விசையில் பாடுகிறார்கள். 'வேத மெட்டல்' என்றே பெயர். அவர்களின் இரண்டாம் இசைத்தொகுப்பு வெளிவந்தது 2001இல். கடவுளுக்கு எதிரான இசை என்று நான் ஒரு தகப்பனுக்கு எடுத்துச் சொன்ன அதே ஆண்டு!

எல்லாம் நல்லதே என்று எழுத வரவில்லை. நார்வேயில் 1990களின் தொடக்கத்தில் இவ்விசை சார்ந்த சிலர் தேவாலயங்களை எரித்தது உண்மை. பெனலோபி ஸ்பீரிஸ் 1988இல் எடுத்த படத்தில், நீச்சல் குளத்தில் மிதந்தபடி ஒரு கித்தார் கலைஞர் குடித்துக்கொண்டே இருப்பார். கரையில் அவருடைய தாய் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தாயின் முகத்தைப் பெற்றோர் எவராலும் எளிதில் மறக்க இயலாது. ஆனால் அதே ஸ்பீரிஸ் 1981இல் வெளியிட்ட முதல் படத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பங்க் இளைஞர்களை மின்விளக்கு ஒன்றின் கீழே அமர்த்திக் கேள்வி கேட்கிறார். பதில் வரும்வரை காத்திருக்கிறார். வேறெதுவும் செய்வதில்லை. அப்படத்தை இனித் திரையிடக் கூடாது என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். 2016இல் அமெரிக்கா அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

நமக்கோ முடியின்மேல் ஒரு தீராத கோபம். 1992இல் நம் நாட்டில் நீண்ட முடியுள்ள ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்றார்கள். 2011 டிசம்பரில், நீரிணைக்கு அப்பாலுள்ள பண்டா ஆச்சேயில் 60க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களை ஓர் இசை நிகழ்ச்சியில் பிடித்து, தலையை மழித்து, பத்து நாள் 'திருத்தும் பயிற்சி' கொடுத்தார்கள். 'ஸ்ட்ரீட் பங்க்! பண்டா ஆச்சே' என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே. ஜோர்ஜ்டவுனின் ஆச்சே வீதி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்நிகழ்வு நினைவிற்கு வருகிறது. வகுப்பறை வாசலில் கத்தரிக்கோலோடு நின்ற நாள்கள் எனக்கும் உண்டு.

தைப்பூசத்தன்று அம்மாணவர் சொன்னது இதுதான்: "நீங்க கூப்பிட்டுச் சொன்ன அன்னிக்கு ராத்திரி, அப்பா அண்ணனோட கித்தாரப் போட்டு உடைச்சிட்டாரு சார். பகுதி நேர வேலை செஞ்சு வாங்குன கித்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கல." குறையாகச் சொல்லவில்லை, பழைய கதையாகச் சொன்னார். ஒலிபெருக்கித் தொழிலை அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டாராம். தந்தை இப்போது இல்லை.

அண்ணன் ஜொகூரில் இருக்கிறார். தீபாவளிக்கு பினாங்கு வருகிறார் என்று எண்ணைக் கொடுத்தார் தம்பி. மூன்று முறை கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, நான்காம் முறை அழைத்தேன். யாரென்று சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வாங்க சார், வீட்டுக்கு வாங்க" என்றார்.

அந்த ஒலிநாடா இப்போது கடைகளில் இல்லை. குறுந்தட்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அன்று பறித்த அதே எலும்பு முகம், மேசைமேல் இருந்து என்னைப் பார்க்கிறது.