குழலுக்கு அடியில் பாருங்கள்

லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வரும் ரயில், ஊருக்குள் நுழையும்போது 'ப்ரூஃப் ஹவுஸ் ஜங்ஷன்' என்ற சந்திப்பைக் கடக்கிறது. அந்தச் சந்திப்புக்குப் பெயர் கொடுத்த கட்டடம் பான்பரி தெருவில் கால்வாய் ஓரமாக இருக்கிறது. 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட துப்பாக்கிக் குழல் சோதனைக்கூடம் அது. இன்றும் வேலை நடக்கிறது. பிரிட்டனில் இந்தச் சோதனை லண்டனிலும் இங்கேயும் மட்டும்தான். வழக்கமான தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைக் குழலில் போட்டு, ஆள் இல்லாத அறைக்குள் வைத்து வெடிக்கிறார்கள். தாங்கிய குழலுக்கு முத்திரை. தாங்காத குழல்கள் சிலவற்றை அங்கே பார்த்தேன். எஃகு வாழைப்பூ மடல்போல விரிந்து கிடந்தது. முத்திரை இல்லாத துப்பாக்கியைப் பிரிட்டனில் யாரும் விற்க முடியாது. 1868-ன் சட்டம் அது.

நான் அங்கே போனதற்குக் காரணம் குன்னூரில் நண்பர் வீட்டில் இருக்கும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அவருடைய கொள்ளுத்தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் அவரிடம் விட்டுப்போனது. தலைமுறை தலைமுறையாக லைசென்ஸைப் புதுப்பித்து, தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இரு குழல்களையும் சேர்க்கும் மேல்பட்டையில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று பொறித்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் கடிகாரக் கடைதான். 1849-ல் தொடங்கிய அந்தக் கடை கடிகாரம், நகை, வெள்ளிச் சாமான்களோடு துப்பாக்கியும் விற்றது. துப்பாக்கியைச் செய்ததும் சென்னையில்தான் என்று நண்பர் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரைக்கொண்டு குழல்களைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பர்மிங்ஹாமில் எனக்கு வழிகாட்டியவர் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கடையின் பெயர் இருந்த படத்தை அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். "இது விற்றவர் பெயர். செய்தவர் யாரென்று அடியில் பார்ப்போம்" என்றார்.

அடியில் இருந்தவை பொடி முத்திரைகள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், சுற்றிலும் பி, பி, சி என்ற எழுத்துகள். இது இறுதிச் சோதனையின் முத்திரை. அதே செங்கோல்களோடு வி என்ற எழுத்து இருந்தால், குழலைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்ததற்கான முத்திரை. 1813 முதல் 1904 வரை பர்மிங்ஹாம் போட்டவை இவை. ஆகவே குழல் சோதனையானது இந்த ஊரில்தான். அடுத்து, இடது குழலில் '13 பி, 14 எம்' என்று இருந்தது. குழலின் உள்ளளவு 13, வாயளவு 14. இந்த எண்கள் ஈய உருண்டைக் கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், அதுதான் 12 போர். எண் கூடக் கூடக் குழல் குறுகும். அப்படியானால் இந்தக் குழல் வாயருகே சற்று இறுகியிருக்கிறது. ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் பாய்வதற்கான 'சோக்' அது. பர்மிங்ஹாம் துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1870-களில் பரவலாக்கிய முறை.

அதற்குப் பக்கத்தில் 'நாட் ஃபார் பால்' என்ற சொற்கள். ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்ற எச்சரிக்கை. ஆசிரியரின் முகம் மலர்ந்தது. சோக் உள்ள குழல்களில் இந்தச் சொற்களைப் போட்டது 1875-லிருந்து 1887 வரை மட்டுமே. 1887-க்குப் பிறகு 'சோக்' என்றே பொறித்தார்கள். தோட்டா அறையின் அளவைக் காட்டும் வைரக் கட்டமும் அதே ஆண்டில் வந்தது. இந்தத் துப்பாக்கியில் இரண்டும் இல்லை. விலைச்சீட்டும் கடிதமும் இல்லாத ஒரு பொருளின் பிறந்த காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது.

குழலின் உடம்பில் ஓடும் சுருள்வரி அதைவிட அழகு. இரும்பையும் எஃகையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக் காய்ச்சி, கம்பியாக நீட்டி, முறுக்கி, அப்படி முறுக்கிய கம்பிகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, ஒரு தண்டைச் சுற்றிச் சுற்றி அடித்துப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல். பெல்ஜியத்தின் லியேஜ் பகுதிக் கொல்லர்கள் இதில் பேர்போனவர்கள். பர்மிங்ஹாம் அவர்களிடமிருந்து ஏராளமாக வாங்கியது. வரி வெளியே தெரிவதற்கு இன்னொரு தொழிலாளி வேண்டும். அவர் குழலில் அமிலக் கரைசலைப் பூசி, வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பார். மறுபடி பூசுவார், மறுபடி தேய்ப்பார். இரும்பு ஒரு நிறம், எஃகு ஒரு நிறம் என்று பிரிந்து வரும்வரை இது நடக்கும்.

இப்படி ஒரு துப்பாக்கிக்குள் எத்தனையோ கைகள். குழல் துளைப்பவர், பூட்டு செய்பவர், கட்டை இழைப்பவர், பொறிப்பு வேலைக்காரர் என்று தனித்தனிப் பட்டறைகள். ஸ்டீல்ஹவுஸ் லேனுக்கு வடக்கே இருந்த துப்பாக்கிப் பேட்டையில் இவை அடுத்தடுத்த சந்துகளில் நெருங்கியிருந்தன. அரைகுறை உறுப்புகளைச் சுமந்துகொண்டு பையன்கள் பட்டறைக்குப் பட்டறை ஓடுவார்களாம். 1960-களில் வட்டச் சாலை போட்டபோது பேட்டையின் பெரும்பகுதி இடிபட்டது. எஞ்சிய சில பட்டறைகளில் ஒன்றுக்கு ஆசிரியர் என்னை அழைத்துப்போனார்.

ஜன்னலோரம் துப்பாக்கியின் எஃகு உடலைப் பிடிப்பானில் மாட்டியபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார். குழல் அந்த உடலுக்குள் உட்காரும் இடத்தைப் பொருத்துவது அவர் வேலை. மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டி, புகையில் குழலின் அடியைக் காட்டினார். கரி படிந்தது. குழலை உடலில் இறக்கி மூடினார், திறந்தார். கரி ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை அரத்தால் ஒரே இழுப்பு. மறுபடி புகை, மறுபடி மூடல். முழுப் பரப்பிலும் கரி சீராக ஒட்டும்வரை விடமாட்டார். இடையில் பேச்சே இல்லை.

பிறகு முடிந்த ஒரு ஜோடிக் குழலை அடிக்கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினார். மணிச்சத்தம் நீண்டு அடங்கியது. நடுப்பட்டையின் ஈயப்பற்று எங்காவது விட்டிருந்தால் சத்தம் உடைந்து அதிரும் என்றார். பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான்.

என் படங்களைப் பார்த்த அவர், முத்திரைகளுக்குக் கீழே இருந்த இரண்டு சிற்றெழுத்துகளில் விரலை வைத்தார். குழல் வேலைக்காரர் தன் வேலைக்கு அடையாளமாகத் தட்டிய பெயரின் முதலெழுத்துகள். சம்பளம் வாங்கவும், பிழை வந்தால் யாரென்று அறியவும் போட்டது. எனக்கு அந்த இரண்டு எழுத்துகள்தான் அந்தத் துப்பாக்கியிலேயே பெரிய செய்தி.

சேகரிப்பாளர்கள் பெயருக்கு விலை கொடுக்கிறார்கள். ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு துப்பாக்கிகளில், புகழ்பெற்ற கடையின் பெயர் தாங்கியது பல மடங்கு விலை போகிறது. இது சரியல்ல என்பது என் திடமான எண்ணம். 1897-ல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து உருவான வெப்லி அண்ட் ஸ்காட், ஊர் ஊராக இருந்த கடைக்காரர்களின் பெயரைப் பொறித்துத் துப்பாக்கி செய்து கொடுத்தது. லண்டனின் பர்டி நிறுவனத்துடைய புகழ்பெற்ற துப்பாக்கிக்கு உள்ளே இருக்கும் பொறியமைப்பு, 1880-ல் அங்கே முன்பு வேலை பார்த்த ஃபிரெடரிக் பீஸ்லி காப்புரிமை பெற்று, அந்த நிறுவனத்துக்கே விற்றது. இன்று உலகெங்கும் செய்யும் சுத்தியில்லாத இரட்டைக்குழல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875-ல் கண்டுபிடித்த அமைப்பு. ஆலைப் பேரேடு பிழைத்திருந்தால் துப்பாக்கி எண்ணைக்கொண்டு யார் கேட்டார், குழல் எத்தனை அங்குலம், எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதுவரை தேடிவிடலாம். ஆனால் பேரேட்டில் வாங்கியவர் பெயர் இருக்குமே தவிர, செய்தவர் பெயர் இருப்பது அரிது.

இந்த ஊரின் பெருமையைப் பேசும்போது ஒன்றை விடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் ஏராளமாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அங்கே அவை மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டன. கைத்திறனை மெச்சுகிற வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்.

நீலகிரியிலோ வால்பாறையிலோ ஏற்காட்டிலோ உங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் இருந்தால், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் குழலைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் முத்திரை, எண், எழுத்து அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து லைசென்ஸ் கோப்போடு சேர்த்து வையுங்கள். முத்திரையைத் தேய்த்துப் பளபளப்பாக்க விடாதீர்கள். சுருள்வரிக் குழலாக இருந்தால், விவரம் தெரிந்தவர் அளந்து பார்க்காமல் இன்றைய தோட்டா போட்டுச் சுட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை கருமருந்துக்காக மட்டுமே சோதிக்கப்பட்டவை.