செபராங் ஜெயாவிலிருந்து சியாச்சின் வரை

செபராங் ஜெயாவில் தெருக்களுக்கு மீன்களின் பெயர். ஜாலான் தோடாக், ஜாலான் தெங்கிரி, ஜாலான் குராவ் என்று போகும். பினாங்குப் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் கூலிம் போகும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் இறங்கினால் எங்கள் ஊர். பறவைப் பூங்கா, கருமாரியம்மன் கோயில், பெரிய மருத்துவமனை, சன்வே கார்னிவல் என்று எல்லாம் இங்கே இருக்கிறது. குளிர் மட்டும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

குளிர் வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போக வேண்டும். பினாங்கு பொது நூலகத்தின் தலைமையகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அது நிற்கும் சாலையின் பெயரும் ஜாலான் பெர்புஸ்தாக்கான். சனிக்கிழமை காலையில் மகளை அங்கே அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஏர்கோன் காற்றுக்குப் பயந்து இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அவள் துருவக் கரடி படம் போட்ட புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, இவ்வளவு பனியில யாராச்சும் சண்டை போடுவாங்களா?"

போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, போர் வரலாற்று அலமாரிப் பக்கம் போனேன். 1812இல் ரஷ்யாவுக்குள் பெரும்படையோடு நுழைந்து, பனியிலும் பசியிலும் அதை இழந்து திரும்பிய நெப்போலியன். 1939 நவம்பர் இறுதியில் தொடங்கி 105 நாள் நடந்த பின்லாந்துப் போர். வெள்ளை உடை உடுத்தி, காலில் பனிச்சறுக்குக் கட்டையோடு காட்டுக்குள் மறைந்து திரிந்த பின்லாந்து வீரர்கள். ஸ்டாலின்கிராட். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. படிக்கப் படிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பனியில் போரிட்டவர்கள் என்றால் ஐரோப்பியர்கள் மட்டும்தானா? நம் பெயர் கொண்டவர்கள் யாரும் இல்லையா?

இருந்தார்கள். அவர்களைப் பற்றிய செய்தியை வானொலியில் வாசித்ததே நான்தான்.

இருபது விநாடிச் செய்தி

2016 பிப்ரவரி. வானொலியில் அப்போது எனக்கு அனுபவம் குறைவு. சீனப் புத்தாண்டு நெருங்கும் வாரம். நெடுஞ்சாலை நெரிசலும் விடுமுறை அறிவிப்புகளுமாகச் செய்தி நிரம்பி வழிந்தது. அதன் நடுவே ஒரு வெளிநாட்டுச் செய்தி. சியாச்சின் பனிமலையில் நிகழ்ந்த பனிச்சரிவில் இந்திய இராணுவத்தினர் பத்துப் பேர் புதையுண்டனர். அதற்குக் கிடைத்த நேரம் இருபது விநாடி. வாசித்தேன். அடுத்து வானிலை: வடமாநிலங்களில் வெப்பம், மாலையில் ஆங்காங்கே மழை.

பிறகு அந்தப் பத்துப் பேரின் பெயர்ப் பட்டியல் வந்தது. நேரம் போதாது என்று அதை நான்தான் வெட்டினேன். யாரும் வெட்டச் சொல்லவில்லை. ஆறாம் நாள், அவர்களில் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார் என்றதும் அந்த ஒரு பெயரை மட்டும் குரலை உயர்த்தி வாசித்தேன்.

மற்ற ஒன்பது பேர் யார்? நூலக மேசையில் உட்கார்ந்து, கைபேசியில் பழைய செய்திகளைத் தேடிப் படித்தபோதுதான் அது மனத்தில் இறங்கியது. அவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன். பத்தில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டம் குமணன்தொழுவைச் சேர்ந்த குமார், மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டியைச் சேர்ந்த கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து ராமமூர்த்தி.

எங்கள் தாமானில் ஒரு ஏழுமலை இருக்கிறார், லோரி ஓட்டுகிறார். குமார் என்று கூப்பிட்டால் நான்கு வீட்டிலிருந்து எட்டிப்பார்ப்பார்கள்.

ரோஜாக்களின் இடம்

சியாச்சின் என்றால் அந்த வட்டாரத்துப் பால்ட்டி மொழியில் ரோஜாக்கள் நிறைந்த இடம் என்று பொருள். காரகோரம் மலைத்தொடரில் சுமார் 76 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பனியாறு அது. இந்தியா, பாகிஸ்தான் எல்லைக்கோடு 1949இலும் 1972இலும் வரையப்பட்டபோது, என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் வெறும் பனிதானே, அங்கே யார் போகப்போகிறார்கள் என்ற நினைப்பு. 1984 ஏப்ரல் 13ஆம் தேதி இந்திய இராணுவம் அங்கே ஏறியது. அன்றிலிருந்து இரு நாட்டுப் படைகளும் அந்த வட்டாரப் பனியில் எதிரெதிரே இருக்கின்றன.

சோனம் என்ற காவல் முகாம்தான் அந்தப் பத்துப் பேரும் இருந்த இடம். உயரம் சுமார் 19,600 அடி, அதாவது ஏறக்குறைய 5,970 மீட்டர். நம் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதன் உச்சியில் பினாங்கு மலையைத் தூக்கி வைத்து, அதன் மேல் இன்னொரு பினாங்கு மலையை அடுக்கினாலும் சோனத்தை எட்டாது. கடல்மட்டத்தில் நாம் ஒரு மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் அங்கே பாதிதான் கிடைக்கும்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது. ஊட்டிக் குளிரையே நாம் பெரிய குளிர் என்போம். வெயில் ஊர்களில் பிறந்த பிள்ளைகள் அங்கே பழகி, பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 40, 50 பாகை என்று இறங்கும் இடத்துக்குப் போகிறார்கள்.

வலி நின்றால்தான் பயம்

அந்தக் குளிர் உடம்பை என்ன செய்யும்? புத்தகத்தில் படித்தது பாதி. மீதியை விளக்கியவர் நாங்கள் தே தாரிக் குடிக்கும் கடையில் பழக்கமான ஓர் அங்கிள். மலேசிய இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1993இல் ஐ.நா. அமைதிப்படையோடு போஸ்னியாவுக்குப் போன நம் நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், கொன்யிச் பக்கத்து மலையில்தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைப் பார்த்தாராம்.

"முதல் நாளு எல்லாரும் போட்டோ எடுத்தோம்மா. ரெண்டாவது நாளு யாரும் கேமராவத் தொடல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குளிர்ல விரலு வலிச்சா பயம் இல்ல. வலி நின்னுச்சுன்னாதான் பயப்படணும்."

அதற்கான காரணம் இதுதான். கடுங்குளிரில் உடம்பு கணக்குப் பார்க்கத் தொடங்கும். இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரல், மூக்கு, காது ஆகியவற்றுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். முதலில் வலிக்கும். பிறகு மரத்துப்போகும். வலி போய்விட்டது என்று மனிதன் நிம்மதியாகும் நேரத்தில் உள்ளே சதை உறையத் தொடங்கியிருக்கும். தனக்கு நேர்வது தனக்கே தெரியாது. அதனால் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், ஒருவர் பாதத்தை இன்னொருவர் சோதிக்க வேண்டும். மூக்கு நுனி வெளுத்திருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் மூக்கே போய்விடும்.

வீட்டுக்குப் போனதும் மகளுக்கு ஒன்று காட்டினேன். ஃபிரீசரில் இருந்த அலுமினியத் தட்டில் ஈர விரலை ஒரு நொடி வைக்கச் சொன்னேன். ஒட்டிக்கொண்டது, பிடுங்கியபோது "ஆ" என்றாள். நம் ஃபிரீசர் மைனஸ் 18 பாகை. மைனஸ் 45இல் வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் உரிந்து இரும்போடு போகும்.

சியாச்சினில் ஒரு நாளின் பெரும்பகுதி இப்படிச் சின்ன வேலைகளில்தான் கழிகிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டி மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். அடைத்த கூடாரத்தில் அந்தப் புகைக்கரியையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறார்கள். முட்டையும் ஆரஞ்சுப் பழமும் கல்லாகிவிடும். பசி எடுக்காது, தூக்கம் வராது. கையுறைக்குள் வேர்த்தால் அந்த வேர்வையே உறையும். பனிப் பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க, இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். நுரையீரலில் நீர் கோத்தால் உடனே கீழே இறக்க வேண்டும். ஹெலிகாப்டர் வருமா என்பதை வானிலைதான் முடிவு செய்யும்.

வீரம் என்றால் சினிமா நமக்குக் காட்டுவது பாய்ச்சலை. அந்த உயரத்தில் வீரம் என்பது மூன்று மாதம் நாள் தவறாமல் பக்கத்து ஆளின் கால் விரலைப் பார்ப்பது.

எதிரி? 2003 நவம்பர் முதல் அங்கே போர்நிறுத்தம். 1984 முதல் சியாச்சினில் இறந்த இந்திய வீரர்கள் 800க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல, குளிரும் உயரமும் பனிச்சரிவும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 2012 ஏப்ரலில் கயாரி என்ற பாகிஸ்தான் முகாமைப் பனிச்சரிவு மூடியதில் 140 பேர் இறந்தார்கள். பனி கொடுப்பதற்கும் அவசரப்படாது. 1984 மே மாதம் காணாமல்போன லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் 2022 ஆகஸ்டில்தான் கிடைத்தது. 38 ஆண்டு.

ஆறு நாள்

2016 பிப்ரவரி 3 அதிகாலை, பெரும் பனிச்சுவர் ஒன்று இடிந்து சோனம் முகாமின் மேல் விழுந்தது. கூடாரங்களை மூடிய பனியின் ஆழம் சுமார் 25 அடி. நம் இரண்டு மாடி தெரஸ் வீட்டின் உயரம். அது உதிரிப் பனியும் இல்லை; சிமெண்ட் போல் இறுகிய பனிக்கட்டி.

150க்கும் மேற்பட்ட வீரர்கள் அதைத் தோண்டினார்கள். பாறை துளைக்கும் கருவி, மின்ரம்பம், ஊடுருவிப் பார்க்கும் ராடார் எல்லாம் மேலே போயின. டாட், மிஷா என்ற இரண்டு மோப்ப நாய்களும் போயின. அந்தக் காற்றில் யாராலும் நெடுநேரம் தோண்ட முடியாது. ஆள் மாற்றி, ஆள் மாற்றி, இரவும் பகலும் தோண்டினார்கள். உள்ளே யாரும் உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை போன பிறகும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 8 இரவு ஒருவரைக் கண்டார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத், கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்துக்காரர், வயது 33. மூச்சு இருந்தது. அன்று சீனப் புத்தாண்டின் முதல் நாள். பினாங்கு வானத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

பதின்மூன்று ஆண்டுப் பணியில் பத்து ஆண்டுகளைக் கடினமான இடங்களிலேயே கழித்தவர் அவர். டில்லி இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு வயது மகளும். மற்ற ஒன்பது பேரின் உடல்களைக் கீழே கொண்டுவரவும் மோசமான வானிலை சில நாள் விடவில்லை.

இன்று லடாக் சுற்றுலாவுக்கு நம் ஊரிலிருந்தும் போகிறார்கள். லே நகரம் சுமார் 11,500 அடி. இறங்கிய முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கும். அங்கே போகிறவர்கள் வடக்கே பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அந்த மூச்சிரைப்புக்கு மேல் இன்னும் 8,000 அடி உயரத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

கார் நிறுத்துமிடத்தில்

அடுத்த சனிக்கிழமையும் நூலகத்துக்குப் போனோம். திரும்பும்போது காரைக் கிளப்பாமல் கைபேசியில் நேரம் பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். வானொலியில் வாசிக்கும் வேகத்திலேயே வாசித்தேன்.

சுபேதார் நாகேஷா. ஹவில்தார் ஏழுமலை. லான்ஸ் ஹவில்தார் குமார். லான்ஸ் நாயக் சுதீஷ். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா. சிப்பாய் மகேஷா. சிப்பாய் கணேசன். சிப்பாய் ராமமூர்த்தி. சிப்பாய் முஷ்டாக் அகமது. மருத்துவ உதவியாளர் சூர்யவன்ஷி.

இருபத்தாறு விநாடி. அன்று எனக்குக் கிடைத்த நேரத்தைவிட ஆறு விநாடி அதிகம். ஒரு பாட்டின் தொடக்க இசைகூட அதற்குள் முடியாது. அந்த ஆறு விநாடி இல்லை என்றுதான் நான் வெட்டினேன்.

பின்னால் இருந்து மகள் கேட்டாள்: "யாரும்மா அவங்கெல்லாம்?"

ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினேன். ஸ்டியரிங் சுட்டது. தெங்கிரி முனையில் திரும்பும்போது ஏழுமலையிலிருந்து தொடங்கினேன்.